பரங்கிமலை: உச்சியில் தொடங்கி அடிவாரம் வரை

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் – கடற்கரை ரயில் பாதையை ஒட்டி, சுமார் 300 அடி உயரத்தில் நிற்கிறது பரங்கிமலை. தென் புறநகரில் ஐரோப்பியர் கட்டடங்களைக் கால வரிசையில் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வரிசை மட்டும் தலைகீழ்: பழையது உச்சியில், புதியது அடிவாரத்தில்.

உச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் மாதா கோயில் எழுப்பினர். அப்போது அவர்களுடைய குடியிருப்பு மயிலாப்பூர்க் கடற்கரையில் இருந்தது.  

கோயிலின் முக்கியப் பொருள், போர்த்துகீசியருக்கும் பல நூற்றாண்டு முந்தியது. 1547-இல் அங்கே மீண்டும் அடித்தளம் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை அது; இன்று பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்துகள் பாரசீகத்தின் பழைய பஹ்லவி. கடல் வணிகத்தோடு பாரசீகக் கிறிஸ்தவம் இந்தக் கரைக்கு வந்ததற்கு இதைவிட உறுதியான சான்று சென்னையில் இல்லை. இந்தச் சிலுவையில் இரத்தம் கசிந்ததாக 1558 முதல் சொல்லப்பட்டு வருகிறது. அது நம்பிக்கை சார்ந்த செய்தி; கல்லெழுத்து வரலாறு சார்ந்தது.

மலையின் வடக்கு அடிவாரத்தில் நான்கு வளைவுகள் கொண்ட வாயில் இருக்கிறது. அங்கிருந்து மேலேறும் கற்படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து மலைக்கு வருவோர் அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726-இல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. பழைய பாலம் போய், மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது; உஸ்கானின் கல்வெட்டு மட்டும் அதன் அருகே மிஞ்சியிருக்கிறது. பாலமும் படிகளும் ஒரே பயணத்துக்கான ஏற்பாடு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடிவாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமானது. கன்டோன்மென்ட் பல்லாவரம் வரை நீண்டது. அகன்ற தெருக்கள், பெரிய வளாகத்தின் நடுவே பங்களா, வெயிலைத் தடுக்க ஆழமான தாழ்வாரம். அக்கால மெட்ராஸ் வீடுகளின் தளம் கான்கிரீட் அல்ல. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்டு இடித்து இறுக்குவார்கள். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கலவையைக் கெட்டியாக்கும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டதால், பழைய வீடுகளின் ஒழுகலைச் சிமெண்டால் அடைக்கிறார்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது; பழுதைவிடப் பழுதுபார்ப்பே கேடாகிறது.

இந்த ராணுவ நிலத்துக்கு அறிவியல் வரலாறும் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்ப்டன், இந்தியாவை அளக்கும் பெரும் பணிக்கான முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சங்கிலியால் அளந்தார். நீளம் சுமார் ஏழரை மைல். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படைத்திடலருகே பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்.

மலையின் கல்லும் ஊரைவிட்டு வெளியே போயிருக்கிறது. கல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இப்பகுதியின் கருநிறக் கல் பயன்பட்டது. 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இக்கல்வகைக்குச் சார்னாக்கின் நினைவாகச் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார்; நிலவியல் நூல்களில் இன்றும் அதுவே பெயர்.