மஞ்சள் கடதாசியில் ஒரு திறப்பு

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில், நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். "உங்கட வகுப்புப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கோ" என்றும் எழுதியிருந்தார்கள். தேடிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் படித்த எங்கள் வகுப்புக்குக் குழுப்படம் இல்லை. அந்நாளில் பில்ம் றோல் கிடைப்பதே அரிது. கிடைத்த ஒன்றிரண்டும் கலியாண வீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் போய்விடும்.

என்னிடம் இருப்பவை நான்கு மஞ்சள் கடதாசிகள். அவையும் ஒரு வகையில் புகைப்படங்களே. அவற்றின் கதையையும் அவற்றுக்கு முந்திய நீண்ட வரலாற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இருட்டறைப் பாடம்

1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1994 இல் நாங்கள் ஒன்பதாம் ஆண்டு. ஒளியியல் பாடம் வந்தபோது எங்கள் விஞ்ஞான ரீச்சர் ஆய்வுகூடத்தின் யன்னல்களைப் பாயாலும் கறுப்புத் துணியாலும் மூடச் சொன்னார். ஒரு யன்னலில் மட்டும் கடலையளவு ஓட்டை. எதிர்ச்சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினார். கண் இருட்டுக்குப் பழகியதும் வேட்டியில் முற்றத்து வேப்பமரம் தலைகீழாக நின்றது. அதன் கீழே எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தலைகீழாக நடந்து போனார்கள். கமரா இல்லாத பள்ளிக்கூடத்தில் நாங்களே கமராவுக்குள் இருந்தோம்.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர் இதே வகையான துவாரத்தைக் கொண்டு ஒளியை ஆராய்ந்தார். கிரகணத்தின்போது சிறு துவாரம் வழியாக விழும் சூரியனின் உருவம் பிறைபோல் தெரிவதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். ஆனால் துவாரம் காட்டும் உருவம் யன்னலைத் திறந்ததும் மறைந்துவிடும். அதைக் கடதாசியில் பிடித்து வைக்கும் வழி 19 ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

மஞ்சளும் பூச்சாறும்

அடுத்த வாரம் ரீச்சர் ஒரு பயிற்சி தந்தார். ஸ்பிரிட் விளக்குகளில் மிஞ்சியிருந்த ஸ்பிரிட்டில் மஞ்சள்தூளைக் கரைத்து, சித்திரக் கொப்பித் தாளில் பூசி, இருட்டில் காயவைத்தோம். அதன்மேல் ஒரு பொருளை வைத்துக் கண்ணாடித் துண்டால் அழுத்திக் காலை முதல் மதியம் வரை வெயிலில் வைக்க வேண்டும். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளிறும். பொருள் மறைத்த இடத்தில் அப்படியே நிற்கும். பிறகு வெங்காரக் கரைசலில் தோய்த்தால் மஞ்சள் நின்ற இடம் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் போலத்தான்.

நிபந்தனைகள் நான்கு. ஆளுக்கு ஒரே ஒரு தாள். வீட்டில் உங்களுக்கு முக்கியமான ஒரே ஒரு பொருள். தாளின் பின்பக்கம் மூன்று வரி: என்ன பொருள், யாருடையது, ஏன் தெரிந்தீர்கள். நான்காவதை ரீச்சர் வாயாலேயே சொன்னார்: "பிழைச்சதையும் கொண்டு வாங்கோ. எனக்கு அதுதான் முக்கியம்."

இது ரீச்சர் தட்டுப்பாட்டுக் காலத்தில் கண்டுபிடித்த உபாயம் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பின்னர் வாசித்தபோதுதான் அதன் வயது தெரிந்தது. 1842 இல் சேர் ஜோன் ஹேர்ஷெல் பூக்களின் சாறு பூசிய கடதாசியில் சூரிய ஒளியால் உருவங்களைப் பதித்தார். தாவரச் சாறுகள்மீது ஒளியின் செயலைப் பற்றி மேரி சொமர்வில் தாமும் பரிசோதனைகள் செய்து, 1845 இல் ரோமிலிருந்து ஹேர்ஷெலுக்குக் கடிதம் எழுதினார். றோயல் சங்கத்தின் சஞ்சிகையில் அவரது முடிவுகள் அந்தக் கடிதத்தின் வடிவிலேயே வெளிவந்தன. அச்சங்கம் பெண்களை அங்கத்தவராகச் சேர்த்தது 1945 இல்தான். ஹேர்ஷெலின் நீலப்பிரதி முறையைக் கொண்டு அன்னா அற்கின்ஸ் என்ற பெண்மணி 1843 முதல் கடற்பாசிகளின் நிழல்களைப் பதித்து நூலாக்கினார். புகைப்படங்களைக் கொண்ட முதல் நூல் அதுவென்றே கொள்ளப்படுகிறது. அவரும் கமராவைப் பயன்படுத்தவில்லை. பாசி, கடதாசி, வெயில், தண்ணீர், அவ்வளவுதான்.

பிழைத்த படங்கள்

நான் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டு போனேன். இரண்டு கரிய வட்டங்கள் விழும் என்று எண்ணியிருந்தேன். விழுந்ததோ சட்டத்தின் கோடு மட்டும். வில்லைகள் இருந்த இடம் வெளிறிப் போயிருந்தது. அழுகை வந்தது. ரீச்சர் கேட்டார்: "எது ஒளியை விட்டது, எது மறித்தது? அதை எழுதினால் உம்மட படம் சரி." ஒரு பிள்ளை பொறுமையில்லாமல் இடையில் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்ததால் அவளது சீப்புக்கு இரட்டைப் பல். இன்னொருத்தியின் வேப்பிலை காற்றில் அசைந்து புகைபோல் ஆகிவிட்டது. என் பக்கத்தில் இருந்த தோழி வீட்டுத் திறப்பைப் பதித்திருந்தாள். வகுப்பிலேயே தெளிவான படம் அவளுடையதுதான். திறப்பின் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

பிழைகளை மறைக்காத ஒருவர் எங்கள் நாட்டு மண்ணிலேயே உறங்குகிறார். ஜூலியா மார்கரெட் கமெரோன் 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 இல், 48 வயதில், மகள் பரிசாகத் தந்த கமராவோடு படம் பிடிக்கத் தொடங்கினார். கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாக்கினார். அவரது படங்களில் மங்கலும் கீறலும் இருப்பதாக விமர்சகர்கள் குறைகூறினர்; அவர் தம் போக்கை மாற்றவில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் காலமானார். பொகவந்தலாவை தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது. இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை சிலவே. அவற்றில் இந்நாட்டு உழைப்பாளரும் கிராமத்தவரும் நேராக எங்களைப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் அவர் படம் பிடித்த கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் பெயரோடு அறிவோம், இவர்களை அறியோம்.

கொழும்பில் லயனல் வென்ற் (1900–1944) சட்டமும் பியானோவும் கற்றவர். படத்தை ஒளிபாய்ச்சித் தலைமாற்றுவது, ஒன்றன்மேல் ஒன்றைச் சேர்ப்பது என்று இருட்டறையில் பலதையும் முயன்று பார்த்தார். அவர் மறைந்த பின் அவரது நெகற்றிவுகள் அழிக்கப்பட்டன. அச்சிட்டு வைத்த பிரதிகளே இன்று எஞ்சியுள்ளன.

பிறைகளும் பாலமும்

1995 ஒக்ரோபர் 24 காலை சூரிய கிரகணம். வட இந்தியாவில் முழுமையாகவும் எங்களுக்குப் பகுதியாகவும் தெரிந்தது. பள்ளிக்கூடம் நடக்காத நாட்கள் அவை. ஷெல் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழே இலை இடுக்குகளால் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக இருந்தன. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வோர் இடுக்கும் ஒரு துவாரக் கமரா என்று விளங்கப்படுத்தினேன். அம்மா உள்ளே வரும்படி ஏசினா.

ஆறாம் நாள், ஒக்ரோபர் 30 இரவு, மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தோம். அல்பங்கள் வீட்டில் கிடந்தன. என் பைக்குள் விஞ்ஞானக் கொப்பி இருந்தது. அதற்குள் நாங்கள் நால்வரின் மஞ்சள் கடதாசிகள் இருந்தன. கண்காட்சிக்கு ஒட்டுவதற்காக என்னிடம் தரப்பட்டவை.

1996 இல் திரும்பி வந்தபோது தோழியின் வீட்டில் கதவும் இல்லை, கூரையும் இல்லை. அவள் இப்போது ரொறன்ரோவில். திறப்பு எங்கே தொலைந்தது என்று அவளுக்கு நினைவில்லை. தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதியது: "எங்கள் வீட்டுத் திறப்பு. அம்மம்மாவுடையது. கடைசியாக வாறவள் நான் என்பதால் என்னிடம் தந்திருக்கிறா." சென்ற மாதம் தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினேன். நெடுநேரம் பதில் வரவில்லை. பிறகு, "பல் எல்லாம் அப்படியே இருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

மஞ்சள் படத்தை நிலைப்படுத்த முடியாது. வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல மெல்ல அழியும். கொப்பிக்குள் இருட்டில் கிடந்ததால்தான் இத்தனை ஆண்டு தப்பியது. மலர்க்குழு அதைப் பிரதி எடுத்த நாளில் ஒரு நிமிடம் மட்டும் வெளியே எடுத்தேன்.

வைத்தியரின் கண்

1895 நவம்பரில் ரொன்ற்ஜென் எக்ஸ்-கதிரைக் கண்டார். டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைப் பதித்தார். எலும்பும் மோதிரமும் கறுப்பாகவும் தசை மங்கலாகவும் விழுந்த நிழற்படம் அது. மருத்துவ பீடத்தில் முதன்முதல் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எனக்குக் கேட்டது ரீச்சரின் குரல்தான்: எது விட்டது, எது மறித்தது? இன்று என்னிடம் பயில வரும் மாணவர்களிடமும் நோயின் பெயரை முதலில் கேட்பதில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லச் சொல்கிறேன். பிழையாக வாசித்த படங்களையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

சகோதரிகளுக்கு ஒரு பயிற்சி

உலகெங்கும் வாழும் எம் கல்லூரிச் சகோதரிகளுக்கு ரீச்சரின் முறையிலேயே ஒரு பயிற்சி தந்து முடிக்கிறேன். உங்களிடம் உள்ள கல்லூரிப் படம் ஒன்றை எடுங்கள். மங்கியது, கிழிந்தது, ஆடியது, எதுவானாலும் சரி. பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள்: எங்கே, எந்த ஆண்டு, இடமிருந்து வலமாக யார் யார். ஆசிரியைகளோடு கல்லூரியில் வேலை செய்த அம்மாக்களின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் எங்களிடையே இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

எங்கள் வகுப்பின் சார்பில் நான்கு மஞ்சள் கடதாசிகளை நான் தந்துவிட்டேன். மற்றவர்களிடம் மிச்சம் இருக்கக்கூடும். பழைய கொப்பிகளைத் திறந்து பாருங்கள், பிள்ளைகளே. யன்னலைச் சாத்திவிட்டுத் திறவுங்கள்.