கோவை ஏரியா: திரைப்பட வசூல் கணக்கின் வரலாறு

திரைப்பட வசூல் கணக்கு என்பது திரையரங்கில் விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை, அதனால் வந்த பணம், அதிலிருந்து வரி, திரையரங்கு, விநியோகஸ்தர், தயாரிப்பாளர் ஆகியோருக்குச் சென்ற பகுதி ஆகியவற்றைப் பதிவு செய்யும் முறை. தமிழ்நாட்டில் இதைப் பொதுவில் வெளியிடும் அரசு அமைப்போ சட்டக் கட்டாயமோ இல்லை. செய்தித்தாள்களிலும் இணையத்திலும் வரும் வசூல் தொகைகள் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனங்களின் அறிவிப்புகள் அல்லது வணிகக் கணிப்பாளர்களின் மதிப்பீடுகள். ஆனால் இத்தொழிலுக்குள் நூறாண்டுகளாகக் கணக்கு எழுதப்பட்டே வந்திருக்கிறது. அந்தக் கணக்கை யார், யாருக்காக எழுதினார்கள் என்பதைக் கொங்கு நாட்டின் திரைப்பட வணிகத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள சோமனூர் ஒரு விசைத்தறி ஊர். இங்கே தறி உரிமையாளர்கள் பலர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் பெற்று, நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி வாங்குகின்றனர். கொடுப்பவர், பெறுபவர் என இரு தரப்பும் மீட்டரை எண்ணுவதால்தான் கூலிக் கணக்கு நிற்கிறது. திரைப்பட வசூல் கணக்கும் இதே அடிப்படையில் உருவானதே. எண் தவறினால் நட்டப்படுபவர் உடனிருந்து எண்ணும் இடத்தில் அது ஓரளவு சரியாக இருந்தது. அவர் இல்லாத இடத்தில் அது விளம்பரமாக மாறியது.

கூடாரக் காட்சிகளின் காலம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தார். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அமைத்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவின் தொடக்ககால நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்றான இது பின்னாளில் டிலைட் திரையரங்கு எனப்பட்டது. வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

வின்சென்ட் தொடங்கியபோது கருவியும் படமும் அவருக்கே சொந்தம். வசூலில் பங்கு கேட்கும் மற்றொருவர் இல்லாததால் கணக்கு அவருடைய சொந்தப் பேரேட்டோடு முடிந்தது. உலகின் பிற பகுதிகளிலும் தொடக்கத்தில் படச்சுருள்கள் விலைக்கே விற்கப்பட்டன. 1907-ல் பிரான்சின் பாத்தே நிறுவனம் விற்பனையை நிறுத்தி, படங்களை வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. படம் ஒருவருடையது, கொட்டகை மற்றொருவருடையது என்ற நிலை பரவிய பிறகே, எத்தனை டிக்கெட் விற்றது என்பது இருவருக்கும் பொதுவான கேள்வியானது.

வரியும் டிக்கெட்டும்

டிக்கெட்டுகளை எண்ணுவதில் அக்கறை கொண்ட இன்னொரு தரப்பு அரசு. முதல் உலகப்போரின்போது, 1916-ல், பிரிட்டனில் கேளிக்கை வரி வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இவ்வரியை விதிக்கும் அதிகாரம் தந்தது. அதற்குப் பின் வந்த 1939-ம் ஆண்டுச் சென்னை கேளிக்கை வரிச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் பொருந்தியது. விடுதலைக்குப் பின்னும் தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் நீடித்த சட்டம் இதுவே.

நுழைவுக் கட்டணத்தின் மீதே வரி என்பதால் ஒவ்வொரு டிக்கெட்டும் வரி ஆவணமாயிற்று. வரிசை எண் அச்சிட்ட டிக்கெட் புத்தகங்கள், காட்சிதோறும் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் குறிக்கும் பதிவேடு, அதிகாரிகளின் திடீர்ச் சோதனை ஆகியவை திரையரங்க நடைமுறையில் இடம்பெற்றன. இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே அன்றைய காட்சியின் விற்பனை.

ஆயினும் ஓட்டைகள் இருந்தன. டூரிங் கொட்டகைகளில் மணல்தரையில் அமர்வோருக்குத் தரை டிக்கெட், அடுத்து பெஞ்சு, பின்னால் நாற்காலி. தரைக்கு இருக்கை எண் கிடையாது. எத்தனை பேர் அமரலாம் என்பது கூட்டத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே கிழித்த டிக்கெட்டை மறுபடி விற்பதும், டிக்கெட் இல்லாமல் காசு வாங்கி உள்ளே விடுவதும் பதிவேட்டில் தெரியாது.

இதைக் கண்காணிப்பது கடினமாக இருந்ததால் மாற்று முறைகளும் வந்தன. ஆந்திரப் பிரதேசம் 1984-ல் அதே 1939-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, விற்ற டிக்கெட்டுக்கு மாறாக அரங்கு நிறைந்தால் கிடைக்கக்கூடிய தொகையின் அடிப்படையில் வரி விதித்தது. உச்ச நீதிமன்றம் 1993-ல் இம்முறையை ஏற்றது. இம்முறையில் வசூல் எளிது. ஆனால் டிக்கெட்டை எண்ண வேண்டிய தேவை அரசுக்குக் குறைகிறது. தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ்ப் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டபோதும் இதேபோன்ற விளைவு ஏற்பட்டது.

பணத்துக்குப் பதில் நாட்கள்

1930-களிலும் 1940-களிலும் கோயம்புத்தூர் படத் தயாரிப்பு மையமாகவும் இருந்தது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கே இயங்கின. சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படத்தின் வெற்றி இன்றும் ஓடிய காலத்தாலேயே குறிப்பிடப்படுகிறது.

ஓடிய நாட்களை எவரும் சரிபார்க்கலாம். வாசலில் சுவரொட்டியும் நாளிதழில் விளம்பரமும் இருக்கும். பணத்தொகை அப்படியன்று. அதனால் நூறு நாள், 25 வாரம் ஓடினால் வெள்ளிவிழா என்பவை வெற்றியின் அளவுகோலாயின. எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்தில் ரசிகர்கள் தங்கள் நோட்டீஸ்களிலும் இதழ்களிலும் அரங்குவாரியாக வசூல் தொகையை அச்சிட்டுப் போட்டியிட்டனர். எம்.ஜி.ஆருக்கு 'வசூல் சக்கரவர்த்தி' என்ற பட்டமும் வழங்கியது. இருப்பினும் விழா எடுக்கப்பட்டது நாட்களுக்கே.

ஏரியாக்களும் விற்பனை முறைகளும்

தமிழ்நாட்டின் விநியோக வணிகம் மாவட்ட எல்லைகளைவிடப் பழைய 'ஏரியா'க்களின்படி நடக்கிறது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு–தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்பவை அவை. கோவை ஏரியாவில் கோயம்புத்தூர், நீலகிரி, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்கள் அடங்கும். சோமனூரும் இதில் சேர்ந்ததே.

ஏரியாவுக்குள் ஊர்கள் ஏ, பி, சி எனச் 'சென்டர்'களாகப் பிரிக்கப்பட்டன. பிரிண்டுகள் குறைவாக இருந்த காலத்தில் படப்பெட்டி முதலில் பெருநகருக்குப் போய், பிறகு நடுத்தர ஊர்களுக்கும், கடைசியாகச் சிற்றூர்க் கொட்டகைகளுக்கும் வந்தது. ஒரு படத்தின் முழு வசூல் தெரியப் பல மாதங்கள் ஆகும்.

படங்கள் கைமாறும் முறைகள் மூன்று:

- அவுட்ரேட்: ஒரு தொகைக்கு மொத்தமாக விற்பது. லாபமும் நட்டமும் வாங்கியவரைச் சேரும்.
- மினிமம் கேரண்டி (எம்.ஜி.): விநியோகஸ்தர் ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதியாகத் தருவார். அதற்கும் செலவுக்கும் மேல் வருவதை ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்வர்.
- விநியோகக் கமிஷன்: விநியோகஸ்தர் படத்தை வெளியிட்டுக் கொடுத்துக் கமிஷன் மட்டும் பெறுவார். நட்டம் தயாரிப்பாளருடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவுட்ரேட்டில் விற்ற தயாரிப்பாளர் தினசரி வசூலை எண்ணத் தேவையில்லை. கமிஷன் முறையில் கொடுத்தவர் ஒவ்வொரு டிக்கெட்டையும் எண்ண வேண்டும். கணக்கின் துல்லியம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

டி.சி.ஆரும் பிரதிநிதியும்

திரையரங்கு அன்றாடம் தயாரிக்கும் தினசரி வசூல் அறிக்கை தொழிலில் 'டி.சி.ஆர்.' எனப்படும். காட்சி, வகுப்பு, டிக்கெட் விலை, தொடக்க எண், முடிவு எண், மொத்தத் தொகை, வரி, நிகரத் தொகை ஆகியவை அதில் இருக்கும்.

இதைச் சரிபார்க்க விநியோகஸ்தர் ஒரு பிரதிநிதியை அனுப்புவது வழக்கம். அவர் படப்பெட்டியுடன் வந்து, படம் ஓடும்வரை அவ்வூரிலேயே தங்கி, டிக்கெட் எண்களைக் குறித்து, அரங்கில் தலைகளை எண்ணி, அறிக்கையில் கையெழுத்திடுவார். இவருடைய நேர்மையே விநியோகஸ்தரின் முதல் பாதுகாப்பு. இவரும் திரையரங்கும் ஒத்துப்போய்விட்டால் கணக்கு குறைந்துவிடும். முதல் நாள் காட்சிகளுக்குக் கூடுதல் விலையில் டிக்கெட் விற்றால், அந்தக் கூடுதல் பணம் டி.சி.ஆரில் ஏறாது. அதில் அச்சிட்ட விலை மட்டுமே இருக்கும்.

மொத்த வசூலும் பங்கும்

பொதுவெளியில் குழப்பம் தருவது 'கிராஸ்', 'நெட்', 'ஷேர்' என்ற மூன்று சொற்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஒரு சிற்றூர் அரங்கில் ஒரு வாரத்தில் 1,00,000 ரூபாய்க்கு டிக்கெட் விற்றது என்க. இது கிராஸ், அதாவது மொத்த வசூல். வரி 15,000 ரூபாய் என்றால் நெட் 85,000 ரூபாய். ஒப்பந்தப்படி விநியோகஸ்தருக்கு 60 விழுக்காடு என்றால் ஷேர் 51,000 ரூபாய். விளம்பரம் முதலிய செலவுகள் போகவே மீதி. பொதுவாக வாரம் செல்லச் செல்ல விநியோகஸ்தரின் விழுக்காடு குறையும்.

ஏரியா உரிமையை ஒரு கோடிக்கு வாங்கியவருக்கு ஒரு கோடி கிராஸ் வந்தால் அவர் தப்பித்தார் என்று பொருளில்லை. ஏறத்தாழப் பாதிப் பணம் போயிருக்கும். 'நூறு கோடி வசூல்' என்ற சுவரொட்டி ஒட்டிய படத்தை வாங்கியவர் நட்டம் என்று சொல்வது இதனால் முரணாகாது.

'லிங்கா' சிக்கல்

ரஜினிகாந்த் நடித்த 'லிங்கா' 2014 டிசம்பர் 12-ல் வெளியானது. எம்.ஜி. முறையில் வாங்கிய ஏரியா விநியோகஸ்தர்கள் சிலர் பெருநட்டம் என்று கூறி, 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தனர். நட்டத்தை மதிப்பிடும் பேச்சில் கொங்குப் பகுதியின் திரையரங்கு உரிமையாளரும் விநியோகஸ்தருமான திருப்பூர் சுப்பிரமணியம் ஈடுபட்டார். இரு தரப்பும் ஏற்கும் பொது வசூல் பதிவு இருந்திருந்தால் நட்டத்தின் அளவைப் பற்றிய வாதம் சுருங்கியிருக்கும். அது இல்லாததால் தனித்தனிக் கணக்குகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

டிஜிட்டல் மாற்றம்

2000-களின் நடுவிலிருந்து பிலிம் சுருளுக்குப் பதில் டிஜிட்டல் திரையிடல் பரவியது. படப்பெட்டி ஊர் ஊராக நகர வேண்டியதில்லை. சோமனூர் போன்ற ஊர்களின் ரசிகர்களும் கோவைக்காரர்கள் பார்க்கும் அதே நாளில் படம் பார்க்கலாம். மாதக்கணக்கில் வந்த வசூல் முதல் சில நாட்களில் குவிந்தது. நூறு நாள் விழாவின் இடத்தை முதல் நாள் வசூல் பிடித்தது.

இணைய முன்பதிவு வந்தபின் இருக்கை வரைபடத்தைப் பார்த்தே வெளியாட்கள் எண்ணத் தொடங்கினர். சில அரங்குகளில் நிரம்பிய இருக்கைகளை எண்ணி, மற்றவற்றுக்கு விரித்துக் கணிப்பதே இவர்களின் முறை. திரையரங்கே ஒதுக்கிவைத்த இருக்கையும் விற்றதுபோல் தோன்றுவதும், கவுண்டரில் மட்டும் டிக்கெட் தரும் சிற்றூர் அரங்குகள் விடுபடுவதும் இதன் குறைகள்.

2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்ததால் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சில நாட்கள் மூடப்பட்டன. 2018 மார்ச் 1 முதல் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை நிறுத்தினர். ஏப்ரலில் முடிந்த அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று எல்லா அரங்குகளிலும் கணினி டிக்கெட் வேண்டும் என்பது.

பிற நாடுகளில்

பிரான்சில் தேசியத் திரைப்பட மையம் டிக்கெட்டுகளைக் கண்காணிக்கிறது. அங்கே வெற்றி பணத்தைவிடப் பார்வையாளர் எண்ணிக்கையால் பேசப்படுகிறது. தென்கொரியாவில் அரசு சார்ந்த திரைப்பட மன்றத்தின் கணினி வலைப்பின்னல் நாட்டின் அரங்குகளை இணைத்து, அன்றாட எண்ணிக்கையை எவரும் பார்க்கத் தருகிறது. அமெரிக்காவில் ஸ்டூடியோக்களும் காம்ஸ்கோர் போன்ற தனியார் நிறுவனங்களும் தரவைத் திரட்டுகின்றன.

மதிப்பீடு

தமிழ்நாட்டில் வசூல் எண் ஆளுக்கொரு முகம் காட்டுகிறது. வரி அதிகாரியிடமும் பங்குதாரரிடமும் குறைத்துச் சொல்லும் ஆசையும், ரசிகரிடம் கூட்டிச் சொல்லும் ஆசையும் ஒரே தொழிலுக்குள் இருக்கின்றன. நடிகரின் அடுத்த சம்பளமும் அடுத்த படத்தின் ஏரியா விலையும் இந்த எண்ணை வைத்தே பேசப்படுவதால், மிகை எண்ணின் சுமை கடைசியில் படத்தை வாங்கும் விநியோகஸ்தர் மீதும் முன்பணம் கட்டும் சிற்றூர்த் திரையரங்கின் மீதும் விழுகிறது. ஆகவே ஒரு வசூல் செய்தியைப் படிப்பவர் மூன்றைக் கேட்க வேண்டும்: இது கிராஸா ஷேரா? எந்த ஏரியா, எத்தனை நாள்? சொன்னவருக்கு இந்த எண்ணால் என்ன ஆதாயம்? இவற்றுக்கு விடை இல்லாத தொகையை விளம்பரமாகக் கொள்வதே பொருத்தம்.