காவிரிப் படுகையில் உயிரியல் பூச்சிக் கட்டுப்பாடு

பயிரைக் கெடுக்கும் பூச்சி, எலி, களை ஆகியவற்றை அவற்றின் இயற்கை எதிரிகளைக் கொண்டே அடக்கி வைப்பது உயிரியல் கட்டுப்பாடு எனப்படும். இவ்வெதிரிகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். சிலந்தி, தட்டான், பொறிவண்டு போலப் பிடித்துத் தின்பவை இரைவிழுங்கிகள். பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ தம் முட்டையை இட்டு, அதையே உணவாக்கி வளர்பவை ஒட்டுண்ணிகள். நோய் உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் ஆகியவை மூன்றாம் வகை. ஆந்தையும் வாத்தும் முதல் வகையில் அடங்கும் என்றாலும் பூச்சியியல் நூல்களில் அவற்றுக்கு இடம் குறைவு.

வரலாறு

கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் சீனத் தாவர நூல் ஒன்று, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டியதைக் குறிப்பிடுகிறது. அந்த எறும்பு, நம் மாமரங்களில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறுதான்.

அறிவியல் முறையிலான தொடக்கம் பட்டுப்புழு வளர்ப்பில் இருக்கிறது. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் திடீரெனச் செத்து, உடல் விறைத்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போயின. இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று அகொஸ்தினோ பாசி 1835-இல் நிறுவினார். நுண்ணுயிர் ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. பின்னர் வந்த நுண்ணுயிரியலாளர் பாஸ்டரின் புகழ் அதை மறைத்துவிட்டது. பாசியின் பெயரைத் தாங்கிய அப்பூஞ்சை, பிவேரியா பாசியானா, பூச்சிக்கொல்லியாக இன்று பொடியாகவும் திரவமாகவும் உரக்கடைகளில் கிடைக்கிறது. ஜப்பானில் 1901-இல் இஷிவாட்டா, செத்த பட்டுப்புழுக்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் அதைக் கண்ட பெர்லினர், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் எனப் பெயரிட்டார். ‘பி.டி.’ என்று பரவலாக அறியப்படுவது இதுதான். பட்டு வளர்ப்போருக்கு நட்டம் தந்த இரு நோய்கள் தோட்டக்காரருக்கு மருந்தாயின. முசுக்கொட்டைத் தோட்டத்தின் அருகில் இவற்றைத் தெளிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அதுவே.

பட்டுக்கும் இத்துறைக்குமான உறவு தமிழ்நாட்டிலும் தொடர்ந்தது. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி, முசுக்கொட்டை என்று பரவியது. பூச்சிமருந்து பட்ட முசுக்கொட்டை இலையைத் தின்னும் பட்டுப்புழு பிழைக்காது என்பதால் தெளிப்புக்கு வழியில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி, பெங்களூரில் பெருக்கப்பட்டுத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தோட்டங்களில் விடப்பட்டது. சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது. இந்தியாவில் உயிரியல் கட்டுப்பாடு பெற்ற பெரிய வெற்றிகளுள் இது ஒன்று.

நெல் வயலில்

நெல்லில் பெயர்பெற்றது டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி. உடல் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உடைத்த கம்பில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, புற ஊதா ஒளியில் கருவை அழித்து, குளவியை அவற்றில் முட்டையிட விடுவர். ஒட்டுண்ணி உள்ளே வளர்ந்ததும் வெள்ளை முட்டை கறுக்கும். கறுப்பு மணலைத் தூவியதுபோல அட்டை தெரியும். ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள். எக்டேருக்கு 5 சி.சி. அட்டையைத் துண்டுகளாக நறுக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் பின் அடித்து வைக்கின்றனர். குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் இனத்தை நட்ட 30, 37-ஆம் நாட்களிலும், இலைச்சுருட்டுப்புழுவுக்குக் கைலோனிஸ் இனத்தை 37, 44, 51-ஆம் நாட்களிலும் விடுவது பரிந்துரை. குருத்துப்பூச்சி தன் முட்டைக் குவியலை மயிரால் மூடி வைப்பதால், அடியில் உள்ள முட்டைகளைக் குளவி எட்டுவது கடினம். நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் பழக்கம் அம்முட்டைகளை நேரடியாகவே நீக்கிவிடுகிறது.

புகையான் என்னும் நெற்பூச்சிக்கு அட்டை எதுவும் இல்லை, தேவையும் இல்லை. ஓநாய்ச் சிலந்தி தூரடியில் நீர்ப்பரப்பின் மேல் ஓடிப் புகையானைப் பிடிக்கிறது. பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள் புதைந்திருக்கும் புகையான் முட்டைகளை உறிஞ்சுகிறது. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து தெளித்த வயலில் இவ்விரண்டும் செத்து, புகையான் முன்னிலும் கூடுதலாகத் திரும்பும். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இதனால்தான். ஆய்வகத்தில் வளர்த்து விடுபவற்றுக்குக் கணக்கும் அறிக்கையும் இருக்கின்றன. வரப்போரத்தில் தானாகவே இருக்கும் சிலந்திக்கு அவை இல்லை. வேலையில் பெரும்பங்கு சிலந்தியுடையது.

எலிக்கு எதிராக, உச்சியில் வைக்கோல் சுற்றிய கழிகளை வயலில் நட்டு ஆந்தைக்கு இருக்கை தருவது டெல்டாவின் பழக்கம். ஆந்தை வகையான கூகை எலியை முழுதாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்து அது தின்ற எலிகளை இனம் காண்கின்றனர். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி விலங்கியலாளர்கள் கூகை ஆய்வில் ஈடுபட்டவர்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் மேய்ச்சல் வாத்துகள் சிந்திய நெல்லோடு நத்தையையும் புழுவையும் தின்கின்றன. வாத்துக்காரர் இதைப் பூச்சிக் கட்டுப்பாடாக எண்ணிச் செய்வதில்லை.

தோப்பும் தோட்டமும்

தென்னையின் கருந்தலைப்புழுவுக்குக் கோனியோசஸ், பிராக்கான் குளவிகள் விடப்படுகின்றன; காண்டாமிருக வண்டின் புழுவுக்கு எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை இடப்படுகிறது. வெற்றிலை பச்சையாகவே வாயில் போடப்படுவது. அதனால் கொடிக்காலின் வாடல் நோய்க்கு டிரைக்கோடெர்மா பூஞ்சை இடுவதே பொருத்தம். புல்தரையில் வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுக்களை மைனாவும் கொண்டலாத்தியும் குத்தியெடுக்கும். மண்ணில் மருந்து ஊற்றாதிருப்பதே அங்குச் செய்ய வேண்டியது.

இன்றைய நிலை

1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பைப் பரிந்துரைக்கிறது. சூடோமோனாஸ் பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் விதைநேர்த்தி (கிலோவுக்கு 10 கிராம்) பரவலாகத் தெரிந்த ஒன்று. ஆனால் டிரைக்கோகிரம்மா அட்டை உரிய நாளுக்குள் வந்து சேராவிட்டால் வழியிலேயே குளவி பொரிந்துவிடும்; கடை மருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.