பெருங்களத்தூர்க் காரும் டெல்லி விலையும்

திண்டுக்கல்லில் அப்பா பட்டறை நடத்திய காலத்தில் வேலைக்கு வந்தவை பெரும்பாலும் மூன்று வகைக் கார்கள். தோல்ஷாப்பு முதலாளிகளின் அம்பாசிடர், டாக்டர்கள் வக்கீல்களின் பியட், அப்புறம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்கு அது மெட்ராஸ் வண்டி என்பதில் தனிப் பெருமை. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் இஞ்சின் மொத்தமும் வெளியே வந்து நிற்கும். முன் டயரில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். அதற்காகவே அப்பாவுக்கு அந்த வண்டி மேல் பிரியம்.

மூன்றே மூன்று என்பதை வாங்குகிறவர்கள் முடிவு செய்யவில்லை. உதிரிபாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று 1953-ல் மத்திய அரசு சொல்லிவிட்டது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. தங்கியவர்களுக்குப் போட்டியாக யாரும் இல்லை. ஆனால் எத்தனை கார் செய்யலாம், என்ன மாடல் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். இயந்திரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணிக்குத் தனி அனுமதி. வாங்குகிறவர் முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; முறை வந்து கார் எடுத்தவர் அதைக் கைமாற்றினால் ஷோரூம் விலைக்கு மேலேயே கிடைக்கும். காசு கொடுத்தவன் கெஞ்சுகிற வியாபாரத்தில் தரம் எங்கிருந்து வரும்? 1967-ல் கார்களின் தரத்தை விசாரிக்கவென்றே அரசு ஒரு குழு போட வேண்டியிருந்தது.

1969-ல் விலையையும் டெல்லியே நிர்ணயித்தது. கட்டுபடியாகாது என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கார் செய்யும் செலவு நீதிபதிகள் முன் கணக்காக விரிந்த வழக்கு அது. 1975-ல் கட்டுப்பாடு போனது. அதற்குள் எண்ணெய் விலை ஏறி, கார் வாங்கும் ஆட்களே குறைந்திருந்தார்கள். ஹெரால்டின் வாரிசான கேசல் 1977-ல் நின்றது.

இதே காலத்தில் டெல்லிப் பக்கம் இன்னொரு கணக்கு. 1971-ல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி, கார் விற்காமலே திவாலாகிப் போனது. 1980-ல் அரசு அதைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 1982-ல் சுசுகியைக் கூட்டுச் சேர்த்தது. 1983 டிசம்பரில் 796 சிசி மாருதி வெளிவந்தது. வண்டி நல்ல வண்டிதான், மறுக்க மாட்டேன். பட்டறைக்கு வேலை குறைந்ததே அதற்குச் சாட்சி. என் ஆத்திரம் வேறு. ஓடாத கம்பெனிக்குக் கஜானா திறந்தது. இருபது வருஷம் ஓடிய கம்பெனிக்கு விலைச்சீட்டுதான் கிடைத்தது.

ஸ்டாண்டர்டுக்காரர்கள் மேலும் பழி உண்டு. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று இறக்கினார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே அதற்கு 3500 சிசி வி8 வரை போட்டார்கள். இங்கே ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு கார் வம்சத்து 1991 சிசி இஞ்சின். மாருதி ஓடத் தொடங்கிவிட்ட ரோட்டில் அதைப் பெரிய விலைக்கு யார் வாங்குவார்? 1988-ல் ஆலை மூடியது. 2006-ல் ஏலம் போட்டபோது, மிச்சமிருந்த ரோவர் உதிரிபாகங்களை ஒரு இங்கிலாந்து வியாபாரிதான் வாங்கிக்கொண்டு போனார்.