முழுநேர ஊர்தி வாழ்வும் சட்டப்படியான வாழிடமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் ஊர்தியிலேயே குடியிருப்போர் பலர் உள்ளனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகியவை அமைந்த இவ்வகை ஊர்தி அங்கு ஆர்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. பணி ஓய்வு பெற்றவர்கள், பருவ வேலைக்காக ஊர் ஊராகச் செல்பவர்கள், வாடகை கொடுக்க இயலாதவர்கள் எனப் பலதரப்பட்டோர் இவர்களுள் அடங்குவர். குளிர்காலத்தில் தெற்கே அரிசோனாவிலும், கோடையில் வடக்கே மொன்டானாவிலும் தங்கும் ஒருவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்? ஓட்டுநர் உரிமம், ஊர்திப் பதிவு, வருமான வரி, வாக்குரிமை, நீதிமன்ற நடுவர் குழுப் பணி, இறந்தபின் சொத்துப் பங்கீடு ஆகிய யாவும் இந்த ஒரு கேள்வியின் விடையைச் சார்ந்தே உள்ளன. அந்த விடைக்குச் சட்டம் இட்ட பெயர் 'டொமிசைல்'. இக்கட்டுரையில் அது வாழிடம் எனப்படுகிறது.

வசிப்பிடமும் வாழிடமும்

வசிப்பிடம் என்பது ஒருவர் தற்போது தங்கியிருக்கும் இடம். அது ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். வாழிடம் என்பது, எங்குச் சென்றாலும் திரும்பி வரும் எண்ணத்தோடு ஒருவர் தமதெனக் கொண்ட நிலையான இடம். ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு வாழிடமே இருக்க முடியும். வாழிடம் இல்லாமலும் இருக்க முடியாது.

இக்கோட்பாடு ஆங்கிலேயப் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது. 1869 இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை உட்னி வழக்கில் இதைத் தெளிவாக வகுத்தது. பிறப்பால் ஒரு வாழிடம் அமைகிறது. பின்னர் ஒருவர் தம் விருப்பத்தால் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1874 இல் மிட்செல் வழக்கில், ஒருமுறை அமைந்த வாழிடம் மாறியதாக மெய்ப்பிக்கப்படும் வரை நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்றது.

இந்தியாவில் நாடு முழுமைக்கும் வாழிடம் ஒன்றே என்று உச்ச நீதிமன்றம் 1984 இல் பிரதீப் ஜெயின் வழக்கில் விளக்கியது. அமெரிக்காவில் அப்படியன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வாழிடம் உண்டு. ஆகவே மாநிலம் மாறினால் ஒருவர்மீது செல்லும் சட்டமும் மாறுகிறது.

ஊர் சுற்றுவோர்மீது இருந்த ஐயம்

ஓரிடத்தில் நில்லாதவரைச் சட்டம் நெடுங்காலம் ஐயத்தோடே பார்த்தது. இங்கிலாந்தின் 1662 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, புதிதாக வந்த ஏழையை 40 நாள்களுக்குள் முறையிட்டுப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. ஏழையைக் காக்கும் செலவு தம் தலையில் விழக்கூடாது என்பதே ஒவ்வொரு ஊரின் கவலை. அமெரிக்கக் குடியேற்றங்களும் இவ்வழக்கத்தைப் பின்பற்றின. 1781 இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள், மாநிலங்களுக்கிடையே குடிமக்களுக்குச் சம உரிமை அளித்தபோது ஏழைகளையும் நாடோடிகளையும் வெளிப்படையாகவே விலக்கின.

1868 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 14 ஆம் திருத்தம் நிலைமையை மாற்றியது. அமெரிக்கக் குடிமகன் தாம் வசிக்கும் மாநிலத்தின் குடிமகனும் ஆவார் என்று அது அறிவித்தது. ஆயினும் பழைய ஐயம் எளிதில் மறையவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வறியவர்களை மாநிலத்துக்குள் அழைத்து வருவதைக் கலிஃபோர்னியா குற்றமாக்கியிருந்தது. டெக்சாசிலிருந்து தம் மனைவியின் உடன்பிறந்தவரைக் காரில் அழைத்து வந்த எட்வர்ட்ஸ் என்பவர் தண்டிக்கப்பட்டார். 1941 இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கி, ஏழை என்பதற்காக எந்த மாநிலமும் தன் எல்லையை அடைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

சக்கரத்தின்மேல் வீடு

இதே காலத்தில் வசதியுள்ளோரும் விரும்பியே சாலைக்கு வந்தனர். 1910 இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் படுக்கையாக மாறும் இருக்கையுடன் கூடிய பயண ஊர்தியைக் காட்சிப்படுத்தியது. 1919 இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்னும் முகாம் பயணிகள் சங்கம் தோன்றியது. 1930களில் வாலி பயம் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் காரின் பின்னே இழுத்துச் செல்லும் அலுமினிய வீடுகளைச் செய்தது. 1960களில் வின்னிபேகோ நிறுவனம் மோட்டார் வீடுகளைப் பெருமளவில் உருவாக்கி விற்றது.

1978 இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் இணையர் 'எஸ்கேப்பீஸ்' சங்கத்தை நிறுவினர். ஊர்தியையே வீடாகக் கொண்டவர்களுக்கு இது பெருந்துணையானது. டெக்சாசின் போல்க் கவுண்டியில் உள்ள லிவிங்ஸ்டன் நகரை மையமாகக் கொண்ட இச்சங்கம், உறுப்பினர்களின் அஞ்சலைப் பெற்று, அவர்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கும் பணியை மேற்கொண்டது. சாலையில் இருப்பவருக்கும் ஒரு நிலையான முகவரி கிடைத்தது. முகவரி கிடைத்தாலும் வாழிடம் கிடைத்ததாகுமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

ஓர் இரவும் ஆறு வாரமும்

புதிய வாழிடம் அமைய இரண்டு கூறுகள் வேண்டும். ஒன்று, அங்கு உடலால் சென்றிருத்தல். மற்றொன்று, அதையே தம் இடமாகக் கொள்ளும் எண்ணம். இவற்றுள் எண்ணமே வலியது என்பதை இரு வழக்குகள் காட்டுகின்றன.

முதலாவது, 1888 இல் மேற்கு வெர்ஜீனியாவில் தீர்ப்பான வைட் எதிர் டெனன்ட் வழக்கு. மைக்கேல் வைட் தம் மேற்கு வெர்ஜீனியா வீட்டை விற்று, எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவில் இருந்த வீட்டுக்கு மனைவியோடும் தட்டுமுட்டுப் பொருள்களோடும் சென்றார். வீடு ஈரமாக இருந்தது. மனைவிக்கும் உடல்நலம் குன்றியது. எனவே பொருள்களை இறக்கிவைத்துவிட்டு, எல்லைக்கு இப்பால் இருந்த குடும்ப வீட்டில் தங்கினர். மனைவியைக் கவனித்துக்கொண்டிருந்த வைட் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். புதிய வீட்டில் அவர் ஓர் இரவுகூடத் தூங்கவில்லை. எனினும் அவருடைய வாழிடம் பென்சில்வேனியாவே என்று நீதிமன்றம் கூறியது. இதன் விளைவு மனைவியைத் தாக்கியது. மேற்கு வெர்ஜீனியச் சட்டப்படி அசையும் சொத்து முழுவதும் அவருக்குச் சேர்ந்திருக்கும். பென்சில்வேனியச் சட்டப்படி பாதியே கிடைத்தது.

இரண்டாவது, வில்லியம்ஸ் எதிர் வட கரோலினா வழக்கு. வேறு வேறு துணைகளுடன் மணமாகியிருந்த ஓர் ஆணும் பெண்ணும் 1940 இல் நெவாடா சென்று, லாஸ் வேகாஸ் அருகே கார்ப் பயணியர் விடுதியொன்றில் தங்கினர். ஆறு வாரம் தங்கினால் மணவிலக்குப் பெறலாம் என்பது நெவாடா சட்டம். இருவரும் மணவிலக்குப் பெற்று, ஒருவரையொருவர் மணந்து, ஊர் திரும்பினர். வட கரோலினா அவர்களை இருமணக் குற்றத்துக்காகத் தண்டித்தது. நெவாடாவில் நிலைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை என்ற முடிவை 1945 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஓர் இரவும் தங்காதவருக்கு வாழிடம் அமைந்தது. ஆறு வாரம் தங்கியவர்களுக்கு அமையவில்லை. முழுநேர ஊர்திவாசிகளின் நிலை இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில்தான் நிற்கிறது.

மூன்று மாநிலங்கள்

ஊர்திவாசிகள் பெரும்பாலும் டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றையே தேர்கின்றனர். மூன்றிலும் தனிநபர் வருமான வரி இல்லை. அஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன. புதியவரை ஏற்கும் நடைமுறையும் எளிது.

ஃபுளோரிடாவில் வாழிட உறுதிமொழி ஒன்றை எழுதி, கவுண்டி நீதிமன்ற அலுவலகத்தில் பதிவு செய்யலாம். தெற்கு டகோட்டாவில் நிலையான வீடு இல்லாதவர் அம்மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கான முகாம் அல்லது விடுதி ரசீதையும், கையொப்பமிட்ட உறுதிமொழியையும் நேரில் காட்டி ஓட்டுநர் உரிமம் பெறலாம். வெளியே சென்றபின் திரும்பி வர எண்ணும் மாநிலம் இதுதானா என்று அந்தப் படிவம் கேட்கிறது. நூற்றாண்டுப் பழமையான சட்டக் கோட்பாடு இவ்வாறு ஒரு படிவத்தின் கேள்வியாகச் சுருங்கியுள்ளது.

பழைய மாநிலத்தின் பிடி

புதிய வாழிடத்தை அடைவதைவிடப் பழையதை விடுவதே கடினம். மாறியதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மாறியவரையே சாரும். பழைய மாநிலத்தில் வீடு, தொழில், வாக்காளர் பதிவு, ஊர்திப் பதிவு ஆகியவை நீடித்தால், வரித்துறை அவரைத் தன் குடியாகவே கருதக்கூடும். நியூயார்க் வரி அலுவலர்கள் வீடு, தொழில், தங்கும் காலம், குடும்பம் ஆகியவற்றோடு, ஒருவர் நெஞ்சுக்கு நெருக்கமான பொருள்கள் எங்குள்ளன என்பதையும் ஆராய்கின்றனர். அத்தகைய பொருள்கள் யாவும் ஊர்தியோடு நகர்ந்துகொண்டிருந்தால், இச்சோதனை எந்த ஊரையும் காட்டாது.

இரு மாநிலங்கள் ஒருவரையே உரிமை கொண்டாடுவதும் உண்டு. கேம்பெல் சூப் நிறுவனத்தின் தலைவர் ஜான் டொரன்ஸ் 1930 இல் இறந்தபோது, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி ஆகிய இரண்டின் நீதிமன்றங்களும் அவர் தம் மாநிலத்தவரே என்று தீர்ப்பளித்தன. இரு மாநிலங்களும் மரபுரிமை வரியை வசூலித்தன. இத்தகைய பூசலைத் தவிர்க்கவே, முழுநேரத்தார் உரிமம், பதிவு, வங்கிக் கணக்கு, உயில், வாக்காளர் பதிவு யாவற்றையும் ஒரே மாநிலத்துக்கு மாற்றிக்கொள்கின்றனர்.

முகவரியின் இறுக்கம்

2001 க்குப் பின் நிலைமை இறுகியது. அவ்வாண்டின் பேட்ரியாட் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், வங்கிகள் வாடிக்கையாளரின் உண்மையான தெரு முகவரியைக் கேட்க வேண்டும் என்றன. 2005 ஆம் ஆண்டின் ரியல் ஐடி சட்டம், உரிமம் பெற முதன்மை வசிப்பிடத்துக்கான ஆவணங்களைக் கோரியது. உள்நாட்டு விமானப் பயணத்துக்கான அதன் நடைமுறை 2025 மே 7 இல் தொடங்கியது. மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ இல்லாத ஊர்திவாசிக்கு இவை பெருந்தடைகள்.

வாக்குரிமையிலும் பூசல் எழுந்தது. முன்னதாக, 1972 இல் டன் எதிர் புளூம்ஸ்டைன் வழக்கில், வாக்களிக்க ஓராண்டு குடியிருக்க வேண்டும் என்ற டென்னசி விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1984 இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம், பூங்காக்களில் உறங்கும் வீடற்றோருக்கும் வாக்குரிமை உண்டு என்றது. ஆனால் அஞ்சல் முகவரி மட்டுமே உள்ள ஊர்திவாசிகளைப் பற்றி, உள்ளூரில் வாழாதவர் உள்ளூர்த் தேர்தல் முடிவை மாற்றலாமா என்ற எதிர்ப்பு தொடர்ந்தது. 2021 இல் டெக்சாஸ், வணிக அஞ்சல் பெட்டி முகவரியில் பதிந்த வாக்காளர்கள்மீது கூடுதல் கட்டுப்பாடு விதித்தது. 2023 இல் தெற்கு டகோட்டா, வாக்காளராகப் பதிய 30 நாள் குடியிருப்பைக் கட்டாயமாக்கியது. உரிமத்துக்கு ஓர் இரவு போதும். வாக்குக்கு அது போதாது என்ற நிலை உருவானது.

நிறைவு

வறுமையால் ஊர்திக்கு வந்தவர்களின் வாழ்வை ஜெசிக்கா புரூடரின் 'நோமேட்லேண்ட்' என்னும் 2017 ஆம் ஆண்டு நூலும், அதைத் தழுவிய திரைப்படமும் உலகறியச் செய்தன. விரும்பி வந்தவருக்கும் வேறு வழியின்றி வந்தவருக்கும் சட்டம் கேட்பது ஒரே கேள்வியே. வரி சேமிக்க நினைக்கும் வசதி படைத்தவருக்கு வாழிடம் ஒரு தேர்வு. வீடிழந்தவருக்கோ, உரிமத்தையும் மருத்துவ உதவியையும் வாக்கையும் காக்கும் கடைசி ஆவணம். திரும்பி வரும் எண்ணமே வாழிடம் என்று பழைய நீதிமன்றங்கள் கூறின. இன்றைய அலுவலகங்கள் அவ்வெண்ணத்துக்கும் ரசீது கேட்கின்றன.