கூரைமேல் ஏறுபவரின் சான்று

திருவனந்தபுரம் நகரத்தில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1929-இல். சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம் அது. நகரிலேயே நிறுவப்பட்ட சிறிய மின்நிலையம் ஒன்றிலிருந்து முதல் இணைப்புகள் சென்றன. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. 1957-இல் கேரள மாநில மின்வாரியம் உருவாயிற்று. திருவிதாங்கூர் மின்சாரத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த ஆண்டுகளையே வரிசைப்படுத்துவர். அணைகள், திவான்கள், தலைமைப் பொறியாளர்கள் ஆகியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். வீட்டுச் சுவரில் மரச்சட்டம் அடித்து அதற்குள் கம்பி இழுத்த மனிதர் மட்டும் அதில் காணப்படுவதில்லை.

ஆனால் சட்டம் அவரைக் கண்டுகொண்டது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி மின்னமைப்புப் பணியை மூன்று பேரின் பொறுப்பாக வகுத்தது. பணியை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் மாநில அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மேற்பார்வையிடுபவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். கம்பியைத் தொடும் வயர்மேன் மாநில அரசு வழங்கிய, அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதிச் சீட்டை வைத்திருக்க வேண்டும். முதலாளியிடம் உரிமம் இருப்பதாலேயே வேலைக்காரரின் திறமை உறுதியாகிவிடாது என்பதை இவ்விதி ஏற்றுக்கொண்டது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின், மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இந்த மூன்றடுக்கைக் கைவிடவில்லை. கேரளத்தில் இத்தகைய அனுமதிகளை வழங்கும் மின் உரிம வாரியம் திருவனந்தபுரத்திலிருந்தே செயல்படுகிறது.

இந்த ஏற்பாடு உருவான காலத்தில் வீடு என்பது மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும் இடமாக மட்டுமே இருந்தது. இன்று நிலைமை வேறு. மரபுசாரா ஆற்றலுக்கான அனெர்ட் முகமை 1986-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 2018-இல் மின்வாரியத்தின் 'சௌரா' திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் 1000 மெகாவாட் இலக்கில் பாதி கூரைகளை நம்பியே வகுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஒவ்வொரு கூரையும் ஒரு சிறு மின்நிலையமாக மாறி வருகிறது.

ஆகவே பழைய வயர்மேனின் அறிவு இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது அவர் கற்ற முதல் பாடம். சோலார் பேனலுக்கு அந்தப் பாடம் பொருந்தாது. வெயில் விழும்வரை அதன் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பல பேனல்களைத் தொடராக இணைத்தால் அது பல நூறு வோல்ட்டாக உயரும். வீட்டு இணைப்பில் வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால், அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தில் அந்த இடைவெளி கிடையாது. சரியாகப் பொருந்தாத ஓர் இணைப்பியில் எழும் பொறி தொடர்ந்து எரிந்து கூரையையே பற்றவைக்கக்கூடும்.

மின்தடை நேரும்போது இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், வெளியே கம்பத்தில் பழுது பார்க்கும் லைன்மேனின் கைக்கு அந்த வீட்டின் மின்சாரம் போய்ச் சேரும். இவற்றுடன் இந்நகருக்கே உரிய சிக்கல்களும் உண்டு. இரு பருவமழைகள், கோடையிலும் ஐப்பசியிலும் இறங்கும் இடி, பூந்துறை முதல் விழிஞ்ஞம் வரை கடலோரத்தின் உப்புக்காற்று ஆகியவற்றைத் தாங்கும்படி சட்டத்தையும் எர்த்திங்கையும் அமைக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலைப் பார்த்த கரை இது.

இந்தப் புதிய அறிவுக்கென ஒரு சான்று 2015-இல் பிறந்தது. மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் வழியாகச் 'சூரியமித்ரா' பயிற்சியைத் தொடங்கியது. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்தோருக்கு 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம், தங்கிப் படிக்கும் கட்டணமில்லாப் பயிற்சி. ஐந்தாண்டுகளில் 50,000 பேர் என்பது இலக்கு.

எனினும் இச்சான்றும் வயர்மேன் அனுமதியும் தனித்தனிப் பாதைகளில் செல்கின்றன. அனுமதிச் சீட்டு சட்டத்தின் கட்டாயம். ஆனால் அது மாநில எல்லைக்கு உட்பட்டது. நாகர்கோவிலில் அனுமதி பெற்றவர் களியக்காவிளையைத் தாண்டி வந்தால், கேரளம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இவ்விரு ஊர்களும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. குமரி மாவட்டம் பிரிந்ததும் மேற்சொன்ன விதிகள் வந்ததும் ஒரே 1956-இல் என்பதை நினைவில் கொள்ளலாம். சூரியமித்ரா சான்று எல்லை கடந்து செல்லும். ஆனால் அது அனுமதிச் சீட்டுக்கு மாற்றாகாது. மானியத் திட்டமோ முதன்மையாகப் பதிவு செய்துகொள்வது நிறுவனங்களை. கூரைமேல் ஏறுபவர் யார் என்ற கேள்வி இவற்றுக்கிடையே விழுந்து மறைந்துவிடுகிறது.

அக்கேள்வி மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு சான்று. 2009-இல் அந்நாட்டு அரசு வீட்டுக் கூரைகளுக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்புகள் பொருத்த மானியம் அறிவித்தது. ஒவ்வொரு பணியாளரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற முதல் எண்ணம் தளர்த்தப்பட்டு, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை போதும் என்றாயிற்று. சில மாதங்களில் நான்கு இளம் பணியாளர்கள் இறந்தனர். மூவர் மின்சாரம் தாக்கியும் ஒருவர் வெப்பத்தாலும். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014-இல் அறிக்கை தந்த அரச விசாரணை ஆணையம், பயிற்சி நிபந்தனையைத் தளர்த்தியதைக் கடுமையாகக் குறை கூறியது. அங்கே பொருத்தப்பட்டது மின்சாரம் உண்டாக்காத வெறும் விரிப்பு. நம் கூரைகளில் ஏறுவது மின்சாரத்தையே உண்டாக்கும் கருவி.

கேரளத்துக்கும் ஒரு பாடம் உண்டு. சூரிய மின்சாரத்தின் பெயரால் மக்களிடம் பணம் பெற்று ஏமாற்றிய வழக்கு 2013-இல் தலைமைச் செயலகத்தின் வாசல் வரை போராட்டமாக வந்து நின்றது. அரசியல் பேசப்பட்ட அளவுக்கு, இத்தொழிலில் யாரை நம்பலாம் என்பதைப் பொதுமக்கள் எப்படி அறிவது என்ற கேள்வி பேசப்படவில்லை. சான்றின் முதற்பயன் அந்த அறிதல்தான்.

சான்று என்பது வெறும் காகிதம், பத்தாண்டு அனுபவமுள்ளவரை அது வெளியே நிறுத்திவிடும் என்று சொல்வோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. பள்ளிப் படிப்பு குறைந்த கைத்திறனாளர் பலர் ஐ.டி.ஐ. நிபந்தனையிலேயே நின்றுவிடக்கூடும். அதற்கு விடை சான்றைக் கைவிடுவதன்று. ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்து ஏற்கும் முறை திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இருக்கிறது. அதை இத்தொழிலில் பரவலாக்க வேண்டும். வயர்மேன் அனுமதித் தேர்விலேயே நேர்மின்னோட்டப் பாடத்தைச் சேர்த்து, இரு பாதைகளையும் ஒன்றாக்க வேண்டும். சான்று பெற்றவருக்கு அதற்கேற்ற கூலியும் கிடைக்க வேண்டும். இல்லையேல் மூன்று மாதம் வேலையை விட்டுப் பயில எவர் முன்வருவார்?

உங்கள் வீட்டில் பேனல் பொருத்த வருவோரிடம் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஏணியில் கால் வைப்பவரிடம் அனுமதிச் சீட்டையும் பயிற்சிச் சான்றையும் கேளுங்கள். இடுப்புவார் கட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். அரசு 1956-இல் சட்டமாக எழுதி வைத்த கேள்விதான் அது.