திரும்பக்கூட முடியாத கூண்டு: பன்றிப் பண்ணைகளுக்கு சட்டம் என்ன சொல்லுது?

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். அத்தனை நாளும் சினைப்பன்றியை 2 அடி அகலம், 7 அடி நீளமுள்ள இரும்புக் கூண்டில் அடைத்து வைக்கும் வழக்கம் உலகின் பல பெரிய பண்ணைகளில் உண்டு. எழலாம், படுக்கலாம். திரும்ப முடியாது. சலித்துப்போய் கம்பியையே கடித்துக்கொண்டு நிற்கும்.

பன்றிக்கு வியர்வையும் மிகக் குறைவு. பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் அடிக்கும் சித்திரை வெயிலில் புரள தண்ணீரோ சேறோ வேணும். கூண்டில் அதுக்கு ஏது வழி?

இந்தியாவில் இது குற்றம்தான். உடலை அசைக்கப் போதிய உயரம், நீளம், அகலம் இல்லாத கூண்டில் விலங்கை அடைக்கக் கூடாது என்கிறது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. ஆனால் முதல் தடவை மாட்டினால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் காசு!

ஜல்லிக்கட்டுக்கு 2014 மே 7-ல் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஞாபகம் இருக்கா? தமிழக அரசின் 2017 சட்டத் திருத்தத்தால் காளைகள் மறுபடி களத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பசி, வலி, பயம் இல்லாமல், இயல்பான நடத்தையோடு வாழ்வது உள்ளிட்ட 'ஐந்து சுதந்திரங்கள்' பற்றி அதே தீர்ப்பு பேசியது. அது காளைக்கு மட்டுமல்ல, பன்றிக்கும்தான்.

பிரிட்டன் இந்தச் சினைக் கூண்டுகளை 1999-லேயே தடை செய்துவிட்டது. அங்கே சினைப்பன்றிகள் கூட்டமாகக் கொட்டகையில் அல்லது வெளியில் திரிகின்றன.